வேட்டையில் வலியறிதல்

ஒருவன் கையில் ஏந்தும் கருவி எவ்வளவு ஆற்றல் உடையதாய் இருக்க வேண்டும் என்பது அறத்தைச் சார்ந்த கேள்வியா, அன்றிப் பொறியியலைச் சார்ந்த கேள்வியா? கொல்வது தகுமா, தகாதா என்பதைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். திருக்குறளில் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. படைச்செருக்கிற்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஆயினும், கொல்வதென்று ஒருவன் துணிந்த பின்னர் எத்தகைய கருவியால் கொல்வது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அறத்தின் வேலை அத்துணிவோடு முடிந்துவிட்டது எனக் கருதிவிடுகிறோம். உண்மையில் அங்கேதான் அதன் கடினமான பகுதி தொடங்குகிறது. வேட்டைக்கெனப் பேராற்றல் வாய்ந்த சுழல்துப்பாக்கியையும் அதற்குரிய தோட்டாவையும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

மலேசியாவில் இத்தேர்வுக்கு இடமில்லை. 1960-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை வகுத்தது. ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றியை விரட்டுவோரும் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கியையே பயன்படுத்துகின்றனர். அமெரிக்காவிலோ சுழல்துப்பாக்கியால் மானையும் கரடியையும் வேட்டையாடுவதும், அதற்கான தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வதும் பல மாநிலங்களில் சட்டத்திற்கு உட்பட்ட பொழுதுபோக்குகள். பாசிர் கூடாங்கில் வாழும் ஒருவர் அத்தகைய துப்பாக்கியைத் தொடாமலே வாழ்நாளைக் கழிக்கலாம். எனினும், அதைத் தேர்பவன் முன் நிற்கும் கேள்வி, ஆற்றலைக் கையாளும் எவர் முன்னும் நிற்கும் கேள்வியே.

முதலில் செய்திகளைக் காண்போம். .357 மேக்னம் என்னும் தோட்டா 1935-இல் வந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1955-இல், ஸ்மித் அண்டு வெஸ்ஸன், ரெமிங்டன் ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் .44 மேக்னம் உருவாயிற்று. ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ள அதன் குண்டு, நொடிக்கு 400 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பாய்ந்து, சுமார் 1,300 ஜூல் ஆற்றலைச் சுமந்து செல்லும். 2003-இல் வெளிவந்த .500 மேக்னமோ 3,000 ஜூலையும் கடந்தது. அதற்கென வார்த்த நீண்டகுழல் துப்பாக்கி ஒன்றின் எடை 2 கிலோகிராம். அறுபத்தெட்டு ஆண்டுகளில் ஏணி இவ்வளவு உயர்ந்தது. உயர உயர, ஒவ்வொரு படியிலும் ஒரே நியாயம் சொல்லப்பட்டது: விலங்கு துன்புறாமல் உடனே சாக வேண்டும், ஆகவே பெரிய தோட்டாவே கருணையுள்ள தோட்டா.

இந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. போதாத ஆற்றலால் விளையும் கேட்டிற்கு வரலாறு சான்று தருகிறது. நேப்பாளத்திலும் குமாவுன் மலைப்பகுதியிலும் 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதன் வாயை ஆராய்ந்தபோது வலப்புறக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருக்கக் கண்டார். எவனோ ஒருவன் என்றோ சுட்ட குண்டு செய்த வேலை அது. இயல்பான இரையைக் கொல்லும் திறனை இழந்த புலி மனிதரை நாடியது என்பது அவர் கண்ட முடிவு. அரைகுறையாய்ச் சுட்டுவிட்டுத் தன் வழியே போனவனின் பெயரை யாரும் அறியார். அவன் விட்டுச் சென்ற கடனைக் கட்டியவர் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டோரம் சென்ற ஏழைகள். காயப்படுத்திவிட்டுக் கைவிடுவது வேட்டையில் பெரும்பாவம் என்று நல்ல வேட்டைக்காரர் கருதுவதன் காரணம் இதுவே.

ஆனால், அதே நிகழ்ச்சி இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. கார்பெட் அன்று ஏந்திச் சென்றது .500 அளவுடைய பெரிய ரைபிள். கொண்டு போனவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன, புலி இன்னும் உயிரோடு எதிரே நின்றது. ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்தே அவர் செயலை முடிக்க நேர்ந்தது. குழலின் பெருமை, கையின் நிதானத்திற்கும் முன்னேற்பாட்டிற்கும் ஈடாகாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

சுழல்துப்பாக்கியில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாகிறது. அதற்குத் தோளில் ஊன்றும் கட்டை கிடையாது; குழல் குட்டையானது; முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள தொலைவு குறைவு. ஆகவே கையின் சிறு அசைவும் இலக்கில் பெரும் பிழையாகிறது. ஆற்றல் ஏற ஏற உதைப்பும் ஓசையும் ஏறுகின்றன. சில முறை அந்த உதையை வாங்கிய கை, அடுத்த முறை விசையை இழுக்கும் முன்னரே தன்னை அறியாமல் துணுக்குறுகிறது. அத்துணுக்கம் குறியைக் கலைக்கிறது. மானின் நெஞ்சில் பாய வேண்டிய குண்டு வயிற்றில் பாய்கிறது. கருணைக்கென வாங்கிய தோட்டா கொடுமைக்குக் கருவியாகிறது. மேலும், 1912-இல் தோன்றிய .375 அளவு ரைபிள் தோட்டா 5,500 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோடு குழலை விட்டுப் புறப்பட்டு, தொலைவிலுள்ள இலக்கையும் துல்லியமாக எட்டும். விலங்கின் துன்பத்தைக் குறைப்பது ஒன்றே நோக்கமெனில் ரைபிளே தக்க கருவி. சுழல்துப்பாக்கியை விரும்பி எடுப்பவன், அருகில் நெருங்கிச் செல்லும் அருமையைத் தனக்கு ஒரு விதியாக ஏற்றுக்கொண்டவனாக இருக்க வேண்டும். இல்லையேல் அவன் கருணை பேசிக்கொண்டு செருக்கை வாங்கியவனாவான்.

இனித் தோட்டாவைக் கையால் நிரப்பும் கலையைக் கருதுவோம். சுட்டுக் கழிந்த பித்தளைக் கூட்டைத் தூய்மை செய்து, பழைய அளவுக்கு இறுக்கி, புதிய தீமூட்டியைப் பொருத்தி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து இட்டு, மேலே குண்டை அழுத்திச் சேர்ப்பதே இக்கலை. நிறுத்தலில் கவனம் தவறி ஒரு கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே பிளக்கும். ஐடஹோவில் வாழ்ந்த எல்மர் கீத் இக்கலையில் புகழ்பெற்றவர். 1920-களில் அளவுமீறி நிரப்பிய தோட்டாவால் அவருடைய .45 அளவுத் துப்பாக்கியின் சுழலுருளை வெடித்தது. அதன்பின் அவர் நாடியது அதனினும் பெரிய குழலை அன்று, சற்றுச் சிறிய.44 அளவையே. துளை சிறுத்தால் உருளையின் சுவர் தடிக்கும். சுவர் தடித்தால் அழுத்தத்தைத் தாங்கும். முப்பதாண்டு முயற்சிக்குப் பின் .44 மேக்னம் பிறந்தது இவ்வழியாகத்தான்.

துறைமுகமும் எண்ணெய்க் கிடங்குகளும் இரசாயன ஆலைகளும் சூழ்ந்த பாசிர் கூடாங் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கொள்கலனுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அக்கோட்டைத் தாண்டி நிரப்புவது வீரம் ஆகாது. வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மென்மையான மயிற்பீலியே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரிக்கிறார். செயலின் வலியோடு தன் வலியையும் எடைபோடச் சொல்வது அவ்வதிகாரம். தேர்ந்த கைகள் இக்கலையைப் பயன்படுத்தும் முறை கற்றோர் வியக்கத் தக்கது. அவர்கள் முதலில் நிரப்புவது வலுக் குறைந்த தோட்டாக்களையே. அவற்றால் நூறு முறை பயின்று கையை அமைதிப்படுத்திய பின்னரே வலியதைத் தொடுகின்றனர். அளவைக் கூட்டும் உரிமை தம் கையில் இருக்கையில் அளவைக் குறைத்துக்கொள்வதே இக்கலை தரும் உயர்ந்த பயிற்சி.

தன் வலியை அறிந்தால் போதுமா? தன் ஆற்றல் எங்குப் போய் முடியும் என்பதையும் அறிய வேண்டும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாகப் புறநானூறு போற்றுகிறது. வில்லாண்மைக்கு அது ஒப்பற்ற புகழ். ஆயினும் அறம் அந்த உடும்பின் பக்கமும் சற்று நின்று பார்க்கும். புற்றுக்குள் இருந்த அது யாருக்கு என்ன தீங்கு செய்தது? வேண்டியதற்கு மேற்பட்ட ஆற்றல் இலக்கோடு நிற்பதில்லை. தோட்டத்தில் பன்றியைத் துளைத்த குண்டு அப்பாலுள்ள குடியிருப்பை நோக்கியும் செல்லக்கூடும். 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு, பாசிர் கூடாங் பகுதியில் ஆயிரக்கணக்கானோரை நோயில் தள்ளி 111 பள்ளிகளை மூடச் செய்தது. கொட்டியவர் குறிவைத்தது அக்குழந்தைகளை அன்று. கைவிட்டுப் போனதன் முடிவை அவர்கள் எண்ணவில்லை, அவ்வளவே. குண்டும் கழிவும் ஒருமுறை விட்டபின் மீளா.

கொல்லாமையே அறமெனில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நேர்மையான வினாதான். கருவியைத் தேர்வதற்கு முன் கொல்ல வேண்டிய தேவை உண்டா என்று கேட்பதே முறை. மலாயாவில் யானையும் காட்டெருதும் வேட்டையாடி 1905-இல் அதைப் பற்றி நூலும் எழுதிய தியடோர் ஹப்பேக், பிற்காலத்தில் விலங்குகளின் காவலராக மாறினார். அவருடைய இடையறாத முயற்சியால் 1938-39-இல் அமைந்த பூங்காவே இன்று 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாமான் நெகாரா. துப்பாக்கியை நன்கறிந்தவரே அதைக் கீழே வைக்கும் காலத்தையும் அறிந்தார். 2022-இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி மலேசியக் காடுகளில் எஞ்சிய புலிகள் 150-க்கும் குறைவு. இந்நிலையில் வேட்டை என்பது பயிரையும் உயிரையும் காக்கும் கட்டாயத்திற்கு அப்பால் நியாயம் பெறுவது அரிது.

கட்டாயம் நேரும்போது தேர்வின் விதி தெளிவானது. செயலை ஐயமின்றி முடிக்கப் போதிய ஆற்றல் வேண்டும். அது ஏந்துபவனின் கை அடக்கியாளும் அளவுக்குள் இருக்க வேண்டும். இலக்குக்கு அப்பால் தீங்கு செய்யாதிருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சுடாமல் திரும்புவதே ஆண்மை. முயலைத் தைத்த அம்பைவிட யானையைத் தவறிய வேலே இனிதென வள்ளுவர் கூறியதைப் பெருங்கருவிக்கான புகழாகக் கொள்வோர் உளர். அவர் போற்றியது அஞ்சாது அரியதை எதிர்கொள்ளும் உள்ளத்தை. வேலின் நீளத்தை அன்று.

இவ்விதி காட்டிற்கு மட்டும் உரியதன்று. பிரம்பு ஏந்திய ஆசிரியர்க்கும், கடுஞ்சொல் வல்ல தந்தைக்கும், ஆணையிடும் அதிகாரிக்கும் இது பொருந்தும். அவர்களும் பெரிய கருவியை எடுக்கும்போது நன்மைக்கே எடுப்பதாகச் சொல்வர். தமிழில் வலி என்னும் ஒரு சொல்லே ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். முன்னதைத் தேர்பவன் பின்னதையும் சேர்த்தே தேர்கிறான். தன்னிடமுள்ள வலி பிறரிடத்தில் எவ்வளவு வலியாகும் என்று நிறுத்துப் பார்ப்பவனுக்கே கருவியை ஏந்தும் தகுதி உண்டு.