வெற்றி சாட்சி சொல்லுமா?

சென்ற ஐப்பசித் திங்களில் நாம் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு என்னும் மலையடிச் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். விதுரையைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள் தொடங்குமுன் அவ்வூர் வருகிறது. வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியாகிய கல்லாறு, உருண்டு தேய்ந்த கற்களின்மேல் தெளிந்து ஓடுகிறது. அம்மலைப்பக்கத்துத் தோட்டங்களில் தேயிலை கிள்ளி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்த அன்பர் ஒருவரைக் காணவே நாம் சென்றோம்.

அன்பரின் இல்லம் அக்கரையில் இருந்தது. ஆற்றில் கணுக்காலளவே நீர். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தது. பொன்முடியின் உச்சியையோ கருமேகம் மூடியிருந்தது. மலையில் மழை பெய்தால், கீழே ஒரு துளியும் விழாத வேளையிலேயே வெள்ளம் பாய்ந்து வரும் என்பதை அவ்வூரார் யாவரும் அறிவர். இவ்வாற்றின் வட்டக்கயம் என்னும் பகுதியில் உயிரிழந்தோர் பலர். நமக்கு வழிகாட்டிய முதியவர், “சற்றுப் பொறுப்போம்” என்று கரையில் அமர்ந்துவிட்டார். உடன் வந்த மற்றொருவர் நகைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் அக்கரை சேர்ந்தார். நாம் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மேகம் கலைந்தது, வெள்ளம் வரவில்லை, நாமும் கடந்தோம். அன்று மாலை தேநீர்க்கடையில் அம்முதியவர் அடைந்த கேலிக்கு அளவில்லை. கடந்தவர் வீரரானார், காத்தவர் கோழையானார்.

அன்பர்களே! இவ்விருவருள் நற்றீர்மானம் செய்தவர் யார்?

கடையில் இருந்த ஓர் இளைஞர் மட்டும் அந்தக் கேலியில் சேரவில்லை. பின்னர் நம்மைத் தனியே அழைத்து, “ஐயா, அந்தப் பெரியவர் செய்ததே சரி. இது நான் சீட்டாட்டத்தில் கற்ற பாடம்” என்றார். போக்கர் என்னும் ஆட்டத்தில் பழகியவர் அவர். அதில் ஒவ்வொருவர் கையிலும் பிறர் காணாத இரண்டு சீட்டுகள் இருக்கும். எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் நடுவில் விரிக்கப்படும். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், இரண்டு ராஜா வைத்திருப்பவரோடு முழுப் பணத்தையும் வைத்து மோதினால், ஐந்தில் ஏறத்தாழ நான்கு முறை வெல்வார். ஒரு முறை தோற்பார். தோற்ற அந்த ஒரு முறையைக் கொண்டு, மோதியதே பிழை என்று வருந்துவது அறிவீனம். அமெரிக்காவின் புகழ்பெற்ற சீட்டாட்டக்காரரான ஆனி டியூக் என்னும் பெண்மணியும், விளைவைக் கொண்டு தீர்மானத்தை அளக்கும் பிழையைத் தாம் 2018இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். இவற்றையெல்லாம் விளக்கிய இளைஞர் இறுதியில், “நான் எண்பதாயிரம் ரூபாய் இழந்தேன், ஐயா. ஆனால் என் தீர்மானங்கள் நல்லவை. இது தம்மத்திற்கு ஒத்ததுதானே?” என்று வினவினார்.

அவ்வினாவில் பாதி உண்மை இருந்தது. ஆகையால் எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

எண்ணமே வினை என்பது பகவான் புத்தரின் போதனை. சக்குபாலர் என்னும் கண்ணிழந்த தேரரின் கதையை நம்மவர் அறிவர். மழை பெய்த இரவில் வெளிப்பட்ட பூச்சிகள், அவர் உலாவிய பாதையில் மிதிபட்டு இறந்தன. கண்ட பிக்குகள் குறை கூறினர். அவர் மிதித்ததை நீங்கள் கண்டீர்களா என்று வினவிய பகவான், நீங்கள் அதனைக் காணாதவாறே அவரும் பூச்சிகளைக் காணவில்லை என்று உணர்த்தினார். பூச்சிகள் இறந்தது விளைவு. கொல்லும் எண்ணம் அங்கே இல்லை. ஆகவே விளைவை மட்டும் பார்த்து மனிதனை எடை போடலாகாது.

இதன் மறுபக்கத்தை நாம் நூலில் கற்கவில்லை, பஞ்சாலையில் கற்றோம். கார்டிங் பகுதியில் உருளையில் பஞ்சு சிக்கினால், இயந்திரத்தை நிறுத்திய பின்னரே எடுக்க வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் உற்பத்தி குறையும். மேஸ்திரி முகம் சுளிப்பார். ஆதலால் ஓடும்போதே கைவிட்டு எடுக்கப் பழகினோம். ஆயிரம் முறை எடுத்திருப்போம். ஒரு கீறலும் இல்லை. ஒவ்வொரு முறையும் முழுதாக வெளிவந்த நம் கை, “நீ செய்தது சரி” என்று நமக்குச் சாட்சி சொல்லிற்று. நம்மைப் பார்த்துக் கற்ற ஓர் இளந்தொழிலாளி, வேலைக்கு வந்த மூன்றாம் மாதத்தில் இரண்டு விரல்களை இழந்தார். நாம் ஆயிரம் முறை செய்ததை அவர் ஒரு முறை செய்தார். பிழை இருவர்க்கும் ஒன்றே. விரல்கள் மட்டும் அவருடையவை. அன்றுவரை நம்மைக் கைதேர்ந்தவன் என்றே எல்லாரும் அழைத்தனர், நாமும் நம்பினோம். தோல்வி பொய்ச்சாட்சி சொல்லுவதுண்டு. வெற்றி சொல்லும் பொய்ச்சாட்சி அதனினும் கொடிது; ஏனெனில் அதனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

அந்தத் தேநீர்க்கடையிலேயே லாட்டரிச் சீட்டுகள் தொங்கின. கேரள அரசு இத்துறையை 1967இல் நிறுவிற்று; 1968 ஜனவரி 26இல் நடந்த முதற்குலுக்கலில் சீட்டின் விலை ஒரு ரூபாய், முதற்பரிசு ஐம்பதாயிரம். தமிழ்நாடு 2003இல் லாட்டரியை நிறுத்திவிட்டது. கேரளத்தில் அது தொடர்கிறது. பரிசு பெற்றவரின் படத்தை ஒரு சுவரில் ஒட்டிவிடலாம். பெறாதவர்களின் படங்களை ஒட்ட ஊரிலுள்ள சுவர்கள் யாவும் போதா. பரிசு விழுந்தது என்பதனால், அரிசிக்கு வைத்த பணத்தில் சீட்டு வாங்கியது அறிவாகிவிடாது.

அங்ஙனமாயின் விளைவைக் கண்ணெடுத்தும் பாராதிருக்கலாமோ? கூடாது. ஒரு விளைவு சாட்சி ஆகாது. நூறு விளைவுகள் சாட்சி ஆகும். அன்று வெள்ளம் வரவில்லை என்பது எதனையும் மெய்ப்பிக்காது. ஆனால் வட்டக்கயம் பல ஆண்டுகளாகக் கொண்ட உயிர்கள் சாட்சி சொல்லுகின்றன. முதியவர் கேட்டது அந்தச் சாட்சியையே. மேலும், தெரியவில்லை என்பதும் தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதும் ஒன்றல்ல. சக்குபாலருக்குக் கண் இல்லை. ஆற்றைக் கடந்தவருக்குக் கண் இருந்தது; அண்ணாந்து பார்க்கவில்லை. விழிப்பின்மையை எண்ணத்தின் தூய்மையால் மூடி மறைக்க இயலாது.

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். “தம்பி, ஏஸ் வந்தபோது மோதியதில் பிழையில்லை என்கிறீர், ஒப்புக்கொள்வோம். ஆனால் அவ்விரவு நீர் செய்த முதல் தீர்மானம் அதுவன்று. ஆட வந்து அமர்ந்ததே முதல் தீர்மானம். அதனை எந்தக் கணக்கில் எழுதினீர்? வைத்த பணம் யாருடையது?” என்று கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், மனைவி கட்டிவந்த சிட்டுப்பணம் என்றார்.

இவ்வாட்டம் திறமையா, நல்வாய்ப்பா என்பது நீதிமன்றங்களில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்களே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறி, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடையிலிருந்து அவ்விரண்டையும் விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையாயினும் நல்வாய்ப்பாயினும், இணையவழிப் பண ஆட்டங்கள் யாவற்றையும் தடுத்தது. சட்டத்தின் வினா அவ்வாறு இருக்க, பகவான் சிகாலனுக்கு உரைத்த இல்லற தருமத்தில் வேறு வினா இருக்கிறது. சூதில் வென்றவன் பகையைப் பெறுகிறான். தோற்றவன் பொருளை எண்ணி அழுகிறான் என்று அங்கே காட்டப்படுகிறது. வென்றாலும் தோற்றாலும் தீங்கு என்றால், பிழை சீட்டில் இல்லை, அமர்ந்ததில் இருக்கிறது. திறமைமிக்க ஆட்டக்காரர் வெல்வது உண்மையே. அவர் வெல்லும் பணம் வானிலிருந்து விழுவதில்லை. திறமை குறைந்த ஒருவரின் வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது. சிறு தீர்மானங்களைச் செம்மையாகச் செய்து, அவற்றைத் தாங்கும் பெருந்தீர்மானத்தை ஆராயாமல் விடுவது, ஓட்டைப் படகில் அமர்ந்து துடுப்பை ஒழுங்காகப் போடுவது போன்றதே.

அன்பர்களே! இது சீட்டாடுவோர்க்கு மட்டும் உரிய பாடமென்று இருந்துவிட வேண்டா. நம்முள் திரிசரணம் ஏற்ற எத்தனையோ குடும்பங்கள் ஒரு சொல்லால் புண்பட்டிருக்கின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், வேலை போனாலும், “குலதெய்வத்தை விட்டாய், அதன் பலன் இது” என்று சுற்றத்தார் கூறுகின்றனர். தாய்மார் கண்ணீரோடு நம்மிடம் இதனைச் சொன்னதுண்டு. அவர்கட்கு மணிமேகலையின் ஆபுத்திரனை நினைவூட்டுவோம். வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவின் துயர் பொறாமல் இரவில் அதனை மீட்டுச் சென்றான், பிடிபட்டு அடிபட்டான், வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட, மதுரையில் ஐயமேற்று உண்ணும் நிலை அடைந்தான். விளைவை அளவுகோலாகக் கொண்டால் அவன் செய்தது பெரும்பிழை. அப்படிச் சொல்ல நம்முள் யாருக்கு நா எழும்?

ஆனால் ஒன்று. இவ்வளவுகோலைப் பிறரிடமிருந்து பிடுங்கி நாமே கையாளலாகாது. மகனுக்கு வேலை கிடைத்தால், “பஞ்சசீலம் ஏற்றோம், கிடைத்தது” என்று மேடையில் முழங்குவோரை நாம் கண்டிருக்கிறோம், தொடக்க நாளில் நாமும் முழங்கியதுண்டு. நன்மையைச் சாட்சிக்கு அழைப்பவன், தீமை சாட்சிக் கூண்டில் ஏறும்போது தடுக்க இயலாது. சீலத்தை மேற்கொண்டது நன்று. ஏனெனில் கொல்லாமையும் கள்ளாமையும் பொய்யாமையும் தம்மளவில் நல்லவை. நாளை மழை பெய்தாலும் பெய்யாவிடினும் அவை நல்லவையே.

ஆகவே ஒரு காரியத்தின் முடிவில், “என்ன கிடைத்தது?” என்று கேட்குமுன் மூன்றைக் கேட்போமாக. எவ்வெண்ணத்தோடு செய்தோம்? அறியக்கூடியதை அறிய முயன்றோமா? பிழைத்துப்போனால் அதன் துன்பம் யார் தலையில் விழும்? இம்மூன்றிற்கும் நேரிய விடை இருப்பின், தோல்வியிலும் தலைகுனிய வேண்டுவதில்லை. இல்லையாயின், வெற்றியிலும் நிமிர்ந்து நடக்க உரிமையில்லை.

கல்லாற்று இளைஞர் ஆட்டத்தை விட்டாரா என்பதை இதுவரை அறியோம். விட்டிருந்தால் நம் சொல் நல்லதென்றும், விடாவிடில் வீணென்றும் எழுத மாட்டோம். மறுநாட்காலை திரும்புகையில், அம்முதியவர் மீண்டும் ஆற்றங்கரையில் நின்று, நீரைப் பாராமல் மலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாட் கேலி அவர் பார்வையை மாற்றவில்லை. நாமும் அவரருகே நின்று அண்ணாந்து நோக்கினோம்.