துரு நீங்கட்டும், தழும்பு இருக்கட்டும்!

பாட்டனார் விட்டுச்சென்ற நிலத்துக்குப் பட்டா உண்டு. நகைக்கு எடை உண்டு. அவர் விட்டுச்சென்ற போர்த் துப்பாக்கியை எந்தத் தராசிலே நிறுப்பது? வீரம் என்று விழா எடுப்பதா, வெட்கம் என்று வீசி எறிவதா? பரணிலே கிடந்த பழைய துப்பாக்கியை இறக்கி, துரு துடைத்து, மரத்துக்கு எண்ணெயிட்டுப் புதுப்பிக்க முனையும் பேரப்பிள்ளைகள் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. அவர்கள் முன் நிற்கும் கேள்வி, துப்பாக்கியே இல்லாத நம் வீடுகளின் வாயிலிலும் நிற்கிறது: முன்னோர் தந்ததை எவ்வாறு பேணுவது?

லீ-என்ஃபீல்டு என்னும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 1907ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படை ஏற்ற வகை அது; .303 அங்குலத் தோட்டா, ஒரே நிரப்பில் 10 தோட்டாக்கள். லண்டனை அடுத்த என்ஃபீல்டிலே செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோவிலே செய்தார்கள். வங்கத்து இச்சாப்பூரிலும் செய்தார்கள். உலோகத்திலே ஒரு மகுடம்; அதன்கீழ் மன்னர் பெயரின் முதலெழுத்து; பிறகு ஆலையின் பெயர், ஆண்டு. பேரரசு தன் கையொப்பத்தை இரும்பிலே இட்டு வைத்தது!

கைதேர்ந்தவர் இதை எப்படிச் செப்பனிடுகிறார்? முதலில், உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்கிறார். அடுத்து, உடலில் உள்ள எண்ணும் தாழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கிறார். எண்ணெய் தோய்ந்த துணியால் துருவை மெல்லத் துடைக்கிறார். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறார். ஆனால், உப்புத்தாளை எடுத்து முத்திரைகளைத் தேய்ப்பதில்லை. மரத்தின் வடுக்களைச் சீவுவதில்லை. அறியாதவரோ அழகு செய்வதாக எண்ணி அனைத்தையும் தேய்த்துவிடுகிறார். பளபளப்பு வருகிறது, வரலாறு போய்விடுகிறது! துரு என்பது கவனிப்பாரற்றதால் வந்த கேடு. தழும்பு என்பது நடந்ததற்குச் சாட்சி. கேட்டை நீக்குவது கடமை. சாட்சியை அழிப்பது குற்றம்.

இன்னொன்றும் அந்தத் தொழில் நமக்குக் கற்பிக்கிறது. அந்நாளைய தோட்டாவின் அடியிலிருந்த தீமருந்து, வெடித்தபின் குழலுக்குள்ளே உப்பை விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஈரம் இரும்பைத் தின்னும். எண்ணெய் மட்டும் பூசினால் பயனில்லை. எண்ணெயிலே உப்பு கரையாது. ஆகவேதான் சிப்பாய்கள் குழலிலே கொதிநீரை ஊற்றிக் கழுவினார்கள். அதன் பிறகே எண்ணெய். குடும்பப் பெருமைக்கும் இதே நியதிதான், தோழர்களே! புகழுரை என்பது எண்ணெய்; கேள்வி என்பது கொதிநீர். கேட்காமல் புகழ்ந்தால், மேலே மினுங்கும், உள்ளே அரிக்கும்.

என்ன கேட்பது? 1919 ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாக்கில், டயர் என்னும் தளபதியின் ஆணைப்படி 50 சிப்பாய்கள் ஏறத்தாழ 10 நிமிடம் சுட்டார்கள். செலவான தோட்டாக்கள் 1650. அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே இறந்தோர் 379. சுட்டவை .303 துப்பாக்கிகள். ஆணை வெள்ளையருடையது, விசையை அழுத்திய விரல்களோ இந்தியப் படைச் சிப்பாய்களுடையவை. 1941இல், லிபியாவின் டோப்ரூக் நகரை ஹிட்லர், முசோலினி படைகளிடமிருந்து மாதக்கணக்கில் காத்து நின்ற ஆஸ்திரேலியர் கையில் இருந்ததும் இதே வகைத் துப்பாக்கிதான். இரும்பிலே அறமும் இல்லை, அநீதியும் இல்லை. எவரை நோக்கி நீட்டப்பட்டது, எதற்காக நீட்டப்பட்டது என்பதிலேதான் இரண்டும் இருக்கின்றன.

“கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன்மீது பழி கூறலாமா?” என்பர் சிலர். அவர்களுக்குப் பெஷாவர் விடை தருகிறது. 1930 ஏப்ரல் 23 அன்று, கிஸ்ஸா குவானி கடைத்தெருவிலே திரண்ட, படைக்கலம் ஏந்தாத பட்டாணிய மக்களைச் சுட ஆணை பிறந்தது. கட்வால் படையின் சிப்பாய்கள், சந்திரசிங் கட்வாலியின் தலைமையில், சுட மறுத்தார்கள். மக்களின் மதம் வேறு, மொழி வேறு. மறுத்தால் சிறை என்பதும் தெரியும். ஆயினும் மறுத்தார்கள்! சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அன்று வேறு படையினர் சுட்டார்கள், மக்கள் மாண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால், கட்டளைக்கும் விசைக்கும் நடுவே ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை அவர்கள் மெய்ப்பித்துவிட்டார்கள்.

சுடாத தோட்டா குழலிலே உப்பை விடுவதில்லை. மறுத்த விரல் இரும்பிலே தடம் பதிப்பதில்லை. துப்பாக்கியை எவ்வளவு துருவிப் பார்த்தாலும் அந்த வீரம் அதிலே தெரியாது. ஆகவே, பேரன் செப்பனிட வேண்டியது இரும்பை மட்டுமன்று, நினைவையும்! பாட்டனார் எந்தப் படையில் இருந்தார்? எந்த ஆண்டில், எந்த ஊரில்? எதிரே நின்றவர் யார்? தேடட்டும், கிடைத்ததைத் தாளிலே எழுதித் துப்பாக்கியின் அருகிலே வைக்கட்டும். கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விடட்டும். வீரக்கதையால் நிரப்ப வேண்டா.

மீண்டும் சுடும்படி ஆக்க வேண்டுமா? வேண்டா என்போம். உத்தரப்பிரதேசக் காவல்துறையே 2020இல் .303 துப்பாக்கிக்கு விடை கொடுத்துவிட்டது. செப்பனிட்டாலும் சுட இயலாத பழம்பொருளுக்குத்தான் இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமத்திலிருந்து விலக்குத் தருகிறது. சுட வேண்டிய பணி அதற்கு முடிந்தது. சொல்ல வேண்டிய பணி தொடங்குகிறது.

பாட்டனாரின் குற்றம் பேரனைச் சேராது. பாட்டனாரின் வீரமும் சேராது. இரண்டும் அவருடையவை. பேரனுக்கு உரியது ஒன்றே: நடந்ததை நடந்தபடி சொல்லும் பொறுப்பு. பாட்டனாரை நேசிக்கலாம், அவர் ஏந்தியதைத் தொழ வேண்டா. துருவை நீக்குவோம், தழும்பைத் தொடமாட்டோம்!