உறையின் ஆயுள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியையும் திருமழிசையையும் கடந்து சென்றால் வருகிற குத்தம்பாக்கத்தில், வயலும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடந்த பூமியின் ஓரத்தில் இப்போது எழும்பி நிற்கும் தகரக் கூரைக் கிடங்குகளுள் ஒன்றுக்கு, நண்பர் ஒருவருடைய காரியமாகச் சென்ற நான், வந்த காரியத்தை மறந்து, ஒரு பிற்பகல் முழுவதையும் ஓர் இயந்திரத்தின் முன் நின்று கழித்துவிட்டேன். தரையோடு தரையாகச் சுழலும் ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் மரப் பேலட். பேலட்டின்மேல் ஆள் உயரத்துக்கு அடுக்கிய அட்டைப் பெட்டிகள். பக்கத்துத் தூணில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் பிலிம் ரோல். தட்டு சுழலச் சுழல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அந்த ஏடு பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் படிந்து, இரண்டொரு நிமிஷத்தில் அவ்வளவையும் ஒரே உருவமாக்கிவிட்டது. கயிறு இல்லை, ஆணி இல்லை, பசையும் இல்லை. எது இவற்றைக் கட்டி நிறுத்துகிறது என்று இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த இளைஞரைக் கேட்டேன்.

"நாம கட்டறதில்லை சார். இழுத்து விட்டிருக்கோம், அது சுருங்கப் பார்க்குது. அதுதான் கட்டு," என்றார் அவர்.

பந்தம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பாஷ்யத்திலும் படித்ததில்லை. தன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒன்று கொள்ளும் ஓயாத தவிப்பே மற்றொன்றைப் பிணிக்கும் பிணிப்பாகிறது. அந்த ஏட்டின் கனம் ஏறக்குறைய 20 மைக்ரான். தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். ரோலில் ஒரு மீட்டராக இருப்பதை இயந்திரம் மூன்று மீட்டருக்குமேல் நீட்டிப் பெட்டிகளின்மேல் படியவிடுகிறது.

தமிழில் 'உறை' என்ற சொல்லுக்கு மூடுவது என்றும் பொருள் உண்டு, வாசம் செய் என்றும் பொருள் உண்டு. உறையும், உறையில் உறைபவனும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் நம்முடைய தத்துவ விசாரத்தின் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிரித்தறிவதிலேயே கழிந்திருக்கிறது. தைத்திரீய உபநிஷத்து அன்னமயம் தொடங்கி ஆனந்தமயம் ஈறாக ஒன்றினுள் ஒன்றாக ஐந்தைச் சொல்லிச் செல்ல, பின்வந்த வேதாந்திகள் அவற்றுக்குக் கோசம், அதாவது உறை, என்று பெயரிட்டார்கள். கீதை சரீரத்தை ஆடைக்கு ஒப்பிட்டது. சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய மலத்தை நெல்லைப் பற்றிய உமி என்றார்கள். மார்க்கங்கள் வேறாயினும், உறை அழியும், உள்ளிருப்பது நிற்கும் என்ற ஓர் எண்ணம் இவ்வளவுக்கும் பொது. ஆடை நைந்துபோகும் என்பதுதான் அந்த உவமைக்கு அச்சாணி. நையாத ஆடையைக் கண்ணால் கண்டிருந்தால் கீதாசாரியன் வேறோர் உவமையைத்தான் தேடியிருக்க வேண்டும்.

அத்தகைய ஆடையை நாம் கண்டுவிட்டோம். 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்னும் ரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், எதிலீன் வாயுவைப் பேரழுத்தத்துக்கு உட்படுத்தி வேறு எதையோ எதிர்பார்த்திருந்த கிப்சன், பாசெட் என்ற இருவர், பின்னர் பாத்திரத்தில் மெழுகுபோன்ற வெள்ளைப் பொருள் சிறிது படிந்திருக்கக் கண்டார்கள். அதுவே பாலிதீனின் பிறப்பு. 1957இல் அமெரிக்காவில் பீல்டிங், ஷவான் என்ற இருவர் இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளை இணைத்துச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்ய முயன்று, இடையில் காற்றுக் குமிழிகளை அடைத்துவிட்டார்கள். சுவருக்கு உதவாத அந்தக் குமிழித் தாள் பின்னர் கணினிகளைப் பத்திரமாக அனுப்பும் மெத்தையாயிற்று. தேடியவர்களுக்கு அகப்படாமல், தேடாதபோது வந்து சேர்ந்தவை இவை. அதற்காகக் கடவுளருளோடு ஒப்பிடத் துணிய மாட்டேன்.

இந்த உறைத் தொழில் ஏன் இப்படி வளர்ந்தது என்று குத்தம்பாக்கத்தில் நின்று கேட்டால் விடை சுற்றிலும் தெரியும். கிழக்கே 1964இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. வடக்கே ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை. மேற்கே இருங்காட்டுக்கோட்டையின் கார்களும் ஸ்ரீபெரும்புதூரின் கைபேசிகளும். இரும்பு உதிரிப்பாகம் கப்பலில் கடல் தாண்டும் வாரங்களில் துருப்பிடிக்காமலிருக்கத் தன்னிடமிருந்தே ஒரு காப்பு ஆவியைக் கசியவிடும் நீலநிற ஏடு. புதுக் கார் டிரெய்லர் லாரியில் ஏறிப் போகும்போது அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஏடு. கைபேசியின் கண்ணாடிமேல், முதல் விரல் படும்வரை காவல் நிற்கும் ஏடு. பொருள் செய்யுமிடத்துக்கும் துய்க்குமிடத்துக்கும் தூரம் கூடக்கூட, இடையில் மாறும் கைகள் பெருகப்பெருக, உறையும் பெருகுகிறது. தோட்டத்து வெண்டைக்காய்க்கு உறை எதற்கு?

உறையைத் தூற்றுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து விழும் ஆவின் பால் ஒரு பாலிதீன் ஏட்டுக்குள்தான் வருகிறது. அது இல்லையேல் நகரத்துக் குழந்தைகளுள் பலருக்குப் பால் திரிந்துதான் கிடைக்கும். மறைத்தலைச் சித்தாந்தம் குற்றமாகச் சொல்லவில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலில் அதையும் சேர்த்து, அதுவும் கருணையின் ஒரு கூறு என்றது. உமி இல்லாமல் அரிசி முதிராது. மணி பால் பிடித்து முற்றும்வரை காற்றும் பூச்சியும் அணுகாமல் காத்து, முற்றியபின் குத்தினால் விலகிவிடுவது அதன் ஸ்வதர்மம். விலகிய உமி அடுப்பெரிக்க உதவும், செங்கல் சூளைக்கு உதவும், அப்படியே விட்டாலும் மண்ணாகும். காக்கவேண்டிய காலம் எதுவோ அதுவே அதன் ஆயுள்.

பிலிம் ஏட்டில் அந்தக் கணக்குத் தலைகீழாகிவிட்டது. பால் ஒரு நாள். பால் உறை பல தலைமுறை. 1950 முதல் 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் ஏறக்குறைய 830 கோடி டன் என்றும், அதில் கழிவானதில் 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போயிற்று என்றும், 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. எல்லா உபயோகங்களிலும் பெரிய பங்கு பொதியுறைக்குத்தான். உள்ளிருப்பது நித்தியம், உறை அநித்தியம் என்று பல நூற்றாண்டுகள் உபதேசம் கேட்ட நாடு, அநித்தியமான பண்டத்துக்கு நித்தியமான உறையிட்டு வீதியில் எறிந்துகொண்டிருக்கிறது. சரீரம் போனபின் ஆத்மா எங்கே போகிறது என்பது பழைய கேள்வி. ஆத்மா போனபின் இந்தச் சரீரம் எங்கே போகிறது என்பதே இப்போதைய கேள்வி.

அந்தக் கேள்வி குத்தம்பாக்கத்து வாசற்படிக்கே ஒரு முறை வந்தது. நகரத்தின் குப்பையைக் கொட்ட இவ்வூர் மேய்ச்சல் நிலத்தைத் தேர்ந்தபோது, ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். அண்மையில் இருப்பது செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடைய அந்த ஏரியின் நீரைத்தான் சென்னை குடிக்கிறது. நகரம் எறியும் உறை நகரத்தின் குவளைக்கே திரும்பிவிடக் கூடாதே என்பது, கர்ம சித்தாந்தத்தைப் படிக்காதவருக்கும் புரியும் வாதம்.

இதே ஊரைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1996இல் ஊராட்சித் தலைவரான வேதிப் பொறியாளர் இளங்கோ ரங்கசாமியின் முயற்சியால், தலித் குடும்பம் ஒன்றும் பிற சாதிக் குடும்பம் ஒன்றும் நடுச்சுவர் ஒன்றையே பொதுவாகக் கொண்டு வாழும் இரட்டை வீடுகள் இங்கே எழுந்தன. கிடங்கில் நின்ற எனக்கு அவ்வீடுகள் நினைவுக்கு வரக் காரணம் உண்டு. 'கை படாதது' என்பதே பிலிம் உறை சந்தைக்குத் தரும் வாக்குறுதி. கீறல் படாமல், தூசி படாமல், பிறர் விரல் படாமல் என்ற அந்த ஆசை, பண்டத்தோடு நிற்கும்வரை சுகாதாரம். மனிதர்மேல் படர்ந்தபோது அதற்கு மடி என்றும் தீட்டு என்றும் பெயரிட்டோம். முற்றிய பின்னும் விலகாத உமி அது. ஒரு சுவரின் இருபுறமும் இரு அடுப்புகள் எரிவதில் எனக்குத் தெரிகிற வேதாந்தம் கிடங்கின் இயந்திரத்தில் தெரிந்ததைவிட அதிகம்.

அரசாங்கங்களும் வாளாவிருக்கவில்லை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்த தடையில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின்மேல் சுற்றும் மெல்லிய ஏடும் அடங்கியது. அதே ஆண்டில் வகுத்த விதிகள், உறையைச் சந்தையில் விட்டவனே அதைத் திரும்பப் பெறவும் பொறுப்பு என்கின்றன. நெகிழும் உறைகளில் பழைய பிளாஸ்டிக்கின் பங்கு 10 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 20 சதவீதத்தை எட்ட வேண்டும் என்கின்றன. வினை செய்தவனைத் தொடரும் என்பதைச் சட்டமாக எழுதியதுபோல் இருக்கிறது. ஆனால் பொறுப்பைத் தானே நிறைவேற்றாமல், மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்யவும் இடம் உண்டு. பிராயச்சித்தத்தைப் பிறர் கையால் செய்வித்துப் பலனை விலைக்கு வாங்குவது நம் நாட்டுக்குப் புதிதல்லவே! 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன.

தொழிலின் இன்றைய போக்கு மெலிவை நோக்கியது. பல அடுக்குகளை ஒன்றாக இழைத்து, முன்னைவிடக் குறைந்த கனத்தில் முன்னைய வலிமையைப் பெறுகிறார்கள். பிளாஸ்டிக் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆயினும் மெலிய மெலிய அது பொறுக்குபவர் கைக்கு எட்டாமல் போகிறது; நாள் முழுதும் குனிந்து திரட்டினாலும் எடை தேறாத பொருளை யார் திரட்டுவார்கள்? கிடங்கில் கழற்றும் நிறமற்ற, அழுக்கற்ற ஏட்டைக் கட்டுக்கட்டாக விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். அச்சிட்டு, வெவ்வேறு பிளாஸ்டிக்குகளை ஒட்டிச் செய்த தின்பண்ட உறையை எவரும் சீந்துவதில்லை. ஆதலால், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் உறை செய்வதற்குச் சிலர் இப்போது முயல்கிறார்கள். அதுவே சரியான வழி என்பது என் அபிப்பிராயம்.

கிடங்கிலிருந்து திரும்பும் வழியில் திருமழிசையில் இறங்கினேன். அவ்வூரில் அவதரித்த ஆழ்வார், அவயவமற்ற பிண்டமாகப் பிறந்து புதரில் விடப்பட்டு, பிரம்பறுத்துப் பிழைத்த திருவாளனால் வளர்க்கப்பட்டார் என்பது குருபரம்பரைக் கதை. பிரம்பு என்றால் கூடை. கூடை என்றால் அக்காலத்துப் பொதியுறை. அவருக்காகக் காஞ்சியில் பெருமாள் செய்த காரியம் பிரசித்தம். அரசன் ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனை ஊரைவிட்டு விரட்ட, அவனோடு ஆழ்வார் புறப்பட, ஆழ்வாரோடு பெருமாளும் புறப்பட்டார்; அப்போது படுத்திருந்த பாம்புப் பாயை அங்கேயே போட்டுவிட்டுப் போகாமல், சுருட்டி எடுத்துக்கொண்டே நடந்தார். ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை என்ற பெயரோடு இன்றும் காஞ்சிக்கு அருகில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என் கண் குளிர்பெட்டிக் கதவில் விழுந்தது. வாங்கி ஆறு வருஷமாகிறது. கீறல் விழாமலிருக்க ஆலையில் ஒட்டிய ஏட்டை, புதுமை போய்விடுமே என்று நாங்கள் உரிக்கவேயில்லை. அது மஞ்சளித்து ஓரங்களில் சுருண்டு, பாதுகாத்த கதவைவிட விகாரமாகிவிட்டது. இவ்வகை ஏட்டைச் சில மாதங்களுக்குள் உரித்துவிட வேண்டும். நாள் சென்றால் பசை இறுகிவிடும். உரிக்க உட்கார்ந்தேன், துண்டு துண்டாகத்தான் வந்தது, பசை கதவிலேயே தங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே உரித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் பசை ஓரளவு போகிறது.