உருபு இல்லாமல்

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிறது. ஜன்னல் கொக்கி ஆடுகிறது.

மடியில் தண்டியலங்காரம். தாள் தானே புரள்கிறது.

பஞ்சு மேகம். உவமைத்தொகை.

மேகப் பஞ்சு. உருவகம்.

சொல் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். முதலாவதில் மேகம் மேகமாகவே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு இரண்டு மதிப்பெண்.

ஷிப்டு முடிந்து ஒருவர் சைக்கிளில் போகிறார். தலைமுடியில் வெள்ளை, புருவத்தில் வெள்ளை. நரை என்று மனம் முந்துகிறது. முந்தட்டும். மில்லுப் பஞ்சு அது.

*

போல. அன்ன. ஒப்ப. புரைய.

உருபு கண்ணில் பட்டால் உவமை பிடிபடுகிறது. உருவகத்தில் உருபு இல்லை. இருந்தாலும் இரண்டு பொருளும் அருகருகே நிற்கின்றன.

உள்ளுறை உவமத்தில் ஒன்றுதான் நிற்கிறது.

எருமை தாமரையை மேய்கிறது. பாட்டு அத்தோடு விடுகிறது. தலைவன் எங்கே போய் வந்தான் என்பது தோழிக்குத் தெரியும்.

தெய்வம் நீங்கலாகக் கருப்பொருள்களே உள்ளுறைக்கு நிலம் என்கிறது தொல்காப்பியம். தெய்வத்தை ஏன் விட்டார்கள்? கேள்வி வருகிறது. இருக்கிறது. போகிறது.

காங்கேயத்துக் கொறங்காடு. கிளுவை வேலி. கொழுக்கட்டைப் புல்லை மாடு நாக்கால் சுழற்றி இழுக்கிறது. நறுக் என்று ஒரு சத்தம். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் நறுக்.

இது எதைக் குறிக்கிறது என்று காது தேடுகிறது.

மாடு மேய்கிறது.

*

குறுந்தொகையில் ஒரு புலவர். ஓரேருழவர். வீட்டில் கூப்பிட்ட பெயர் யாருக்கும் தெரியாது. பாடிய உவமையே பெயராக நிற்கிறது.

ஈரம்பட்ட நிலம். இருப்பது ஒரே ஏர். காய்வதற்குள் உழுதாக வேண்டும். காதலியிடம் திரும்புகிறவனின் நெஞ்சில் அந்தப் பதைப்பு.

பல்லடத்து மானாவாரிக் காட்டில் இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

செம்புலப்பெயனீரார். அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார். ஆள் மறைந்து உவமை மட்டும் நடமாடுகிறது.

*

1971. கோவையிலிருந்து வானம்பாடி வருகிறது. விலையிலாக் கவிமடல். படிமத்தின் மேல் படிமம். உருவகத்துக்குள் உருவகம்.

மிகை என்கிறார்கள் விமர்சகர்கள். சில பக்கங்களில் மூச்சு முட்டத்தான் செய்கிறது. ஆனால் அந்த வயதில், அந்த ஆண்டுகளில், யார் தணிந்து பேசுவார்கள்?

கண்ணை மூடினால் காற்றின் இரைச்சல் கூடுகிறது. திறந்தால் குறைகிறது.

*

வானம்பாடிக் கவிஞர்களில் ஒருவர் சிற்பி. பிறந்த ஊர் ஆத்துப்பொள்ளாச்சி. பிறகு ஒரு நூல், ‘ஒரு கிராமத்து நதி’. 2002இல் சாகித்திய அகாதெமி விருது.

அட்டையைப் பார்க்கிறேன். ஒரு. கிராமத்து. நதி. உருபு இல்லை. ஒப்பிட இன்னொரு பொருளும் இல்லை.

கையில் பென்சில். உருவகம் வரும் இடமெல்லாம் அடிக்கோடு போட்டு வருகிறேன்.

நதிக்கும் போடலாம்.

ஆனால் அந்த ஊர்ப் பக்கம் ஆழியாறு ஓடுகிறது. துணி துவைக்கிறார்கள்.