கடன்படுதலும் ஒரு கல்வி

கொங்கு நாட்டில் ஒரு பெரியவர் மறைந்தால், இழவு வீட்டுத் திண்ணையில் ஒரு சொல் தவறாமல் எழும்: "யாருக்கும் ஒரு காசு கடன் வைக்காமப் போய்ச் சேர்ந்தாருங்க." சத்தியமங்கலத்தைச் சுற்றி மல்லிகையும் வாழையும் மஞ்சளும் பயிரிட்டு வாழும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் புகழுரையன்று, வாழ்க்கை நெறி. பிறர் கையை எதிர்பாராமல் நிற்பதே மானம் என்று சொல்லி நம்மை வளர்த்திருக்கிறார்கள். நல்ல நெறிதான். ஆயினும் அது முழுமையானதா? இந்தக் கேள்வியை நம் பகுதியில் பிறந்த ஆசிரியை ஒருவர் நம்முன் வைத்தார்.

அவர் பூட்டான் நாட்டின் கிழக்கு மலைகளில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர். தங்குவதற்கு ஓர் உழவர் குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தது. அவ்வட்டாரத்தில் வழங்குவது சாங்லா மொழி. வீட்டை நடத்திய மூதாட்டிக்கு வேறு மொழி தெரியாது. ஆசிரியைக்கோ அம்மொழி தெரியாது. பகலில் பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கும் ஆசிரியை, மாலையில் அடுப்படியில் உப்புக்கும் தண்ணீருக்கும் பெயர் தெரியாத குழந்தையானார். மூதாட்டி ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்காட்டிச் சொல்வார். ஆசிரியை தவறாக உச்சரித்தால் பேரப்பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீரைக் குடிக்கப் பழகினார். மிளகாயையே காய்கறியாகக் கொண்டு பாலாடைக்கட்டியுடன் சமைக்கும் எமா தத்ஷியையும் சிவப்பரிசிச் சோற்றோடு உண்ணப் பழகினார்.

அறைக்கும் உணவுக்கும் பேசிய தொகையை அவர் மாதந்தோறும் தவறாமல் கொடுத்து வந்தார். குளிர் தொடங்கிய நாட்களில் கடுங்காய்ச்சலில் விழுந்தார். மூதாட்டி பல இரவுகள் உறங்காமல் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். உடல் தேறியதும் ஆசிரியை ஓர் உறையில் பணமிட்டு நீட்டினார். மூதாட்டி வாங்கவில்லை, இரண்டு நாட்கள் அவரோடு பேசவுமில்லை. "நான் செய்த தவறு என்ன? அப்பா சொல்லிக் கொடுத்தபடிதானே நடந்தேன்?" என்று அவர் நம்மிடம் கேட்டார்.

இங்கே இருவகைக் கடன்களை நாம் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். அரிசிக்கும் விறகுக்கும் உரிய தொகையைக் கொடுப்பது நீதி. ஏழை வீட்டில் இலவசமாக உண்டுவிட்டு அதற்கு அன்பு என்று பெயரிடுவது சுரண்டலாகும். எனவே மாதத் தொகையை அவர் கொடுத்தது முற்றிலும் சரியே. காய்ச்சலில் கண்விழித்த இரவுகளோ வேறு. அவை விற்கப்படவில்லை, வழங்கப்பட்டன. அவற்றிற்குப் பணம் நீட்டும்போது, "உமக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். கணக்குத் தீர்ந்த இடத்தில் உறவும் முடிகிறது. அம்மூதாட்டியை வருத்தியது இதுவே.

யாரிடமும் எதையும் பெறமாட்டேன் என்னும் உறுதிக்குள் சில நேரங்களில் செருக்கு ஒளிந்திருக்கிறது. கற்பிப்பவருக்கு இச்சோதனை மிகுதி. கொடுக்கும் இடத்திலேயே என்றும் நிற்க விரும்புகிறவர், பிறரை என்றும் பெறும் இடத்திலேயே நிறுத்தி வைக்கிறார். ஆண்டவர் இயேசு இதை அறிந்திருந்தார். சமாரியப் பெண்ணுக்கு வாழ்வளிக்கும் நீரைப் பற்றிக் கற்பிக்குமுன், அவளிடமே குடிக்கத் தண்ணீர் கேட்டார். சீடரைப் பணப்பையும் இல்லாமல் அனுப்பி, ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி, வைப்பதை உண்ணும்படி பணித்தார். மக்களிடம் எதையும் பெறத் தேவையில்லாத போதகர் எளிதில் மக்கள்மேல் அதிகாரி ஆகிவிடுவார் அல்லவா?

நம் ஊரின் வரலாறும் இதையே கூறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் மதுரை மறைபரப்புத் தளத்தின் சேசு சபைக் குருக்கள் சத்தியமங்கலத்திலும் பணியாற்றினர். கற்பிக்க வந்த அவர்கள் முதலில் கேட்டுக் கற்க வேண்டியிருந்தது. அத்தளத்தைச் சேர்ந்த அந்தாம் தெ புரோயன்சா தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி, அவர் இறந்தபின் 1679இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சேறியது. அந்நியர் ஒருவர் தொகுத்த அகராதி என்பது என்ன? பெயர் அறியாத எத்தனையோ தமிழ் மக்களிடம் அவர் சொல் சொல்லாகப் பட்ட கடனின் பதிவேடுதானே!

அந்த ஆசிரியை பணியாற்றிய கிழக்குப் பூட்டானிலும் ஒரு சான்று உண்டு. கனடா நாட்டுச் சேசு சபைக் குரு வில்லியம் மாக்கி, டார்ஜிலிங்கில் கற்பித்துக்கொண்டிருந்தவர். பூட்டான் அரசின் அழைப்பையேற்று 1963இல் டிராஷிகாங் சென்றார். காங்லுங்கில் தொடங்கிய ஷெருப்சே பள்ளி வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதுவே பின்னாளில் கல்லூரியானது. மறையைப் பரப்புதல் அந்நாட்டில் அனுமதிக்கப்படவில்லை. அக்கட்டுப்பாட்டை ஏற்றே அவர் பணிசெய்தார். தம் கையில் உள்ளவற்றுள் உயர்ந்ததெனத் தாம் நம்பியதை வாய்விட்டு வழங்க இயலாமல், அவர்கள் கேட்ட கல்வியை மட்டும் வழங்கி வாழ்வது ஒரு குருவுக்கு எளிதாக இருந்திராது. ஆனால் விருந்தினர் தாம் கொடுக்க விரும்புவதையன்று, வீட்டார் கேட்பதையே கொடுக்கிறார். 1985இல் பூட்டான் அவரைத் தன் குடிமகனாக ஏற்றது. 1995இல் திம்புவில் இறந்தபோது, அவர் விருந்தினராக அன்று, அந்த வீட்டின் பிள்ளையாகவே கண்மூடினார்.

நம் ஆசிரியையும் ஒரு வழி கண்டார். பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மூதாட்டியின் தறியருகே அமர்ந்து, தமக்கும் நெசவு கற்றுத்தரும்படி சைகையால் வேண்டினார். கடனைத் தீர்ப்பதற்குப் பதிலாக இன்னொரு கடன் கேட்டார்! மூதாட்டி சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தாராம்.

ஒருவருக்கும் கடன்படாதீர்கள் என்று எழுதிய புனித பவுல், அன்பின் கடனுக்கு மட்டும் விலக்கு அளித்தார். நாமும் ஞாயிறுதோறும் விலை செலுத்த முடியாத ஒரு பந்தியை நோக்கி வெறுங்கையை நீட்டியே செல்கிறோம். அங்கே நாம் உறையில் பணமிட்டு நீட்டிக் கணக்கை முடித்துக்கொள்வதில்லை. அடுத்த ஞாயிறும் வருகிறோம். பலிபீடத்தின்முன் கற்ற இப்பாடத்தை, அயலார் வீட்டு அடுப்படியில் மறந்துவிடாதிருப்போம்.