கைக்கடிகாரம் கருதி அறியும் கலோரி

ஓட்டக்காரரின் மணிக்கட்டிலுள்ள கடிகாரம் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, குருதியோட்டத்தின் ஏற்றத்தாழ்விலிருந்து நாடித் துடிப்பை எண்ணுகிறது. உடல் செலவிட்ட ஆற்றலாகிய கலோரியையோ அது அளப்பதே இல்லை, துடிப்போடு வயது, எடை முதலியவற்றைச் சேர்த்துக் கணித்தே சொல்கிறது. அறிவு எவ்வழியில் மெய்யாகிறது என ஆராயும் இந்திய அளவையியலின்படி இது காட்சியன்று, கருதலளவை எனப்படும் அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை அறியும் அனுமானத்துக்கு வியாப்தி எனும் பிறழாத உடனிகழ்ச்சி வேண்டும் என்பர் நியாய மரபினரான நையாயிகர். வெயிலிலும் அச்சத்திலும், கால்கள் கூடுதலாக உழைக்காமலே துடிப்பு ஏறுவதால், இங்கே துடிப்புக்கும் கலோரிக்கும் இடையிலான அவ்வுறவு பிறழ்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்த 7 கருவிகளுள் 6 துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் காட்டியும், கலோரிக் கணிப்பில் மிகத் துல்லியமானதே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. துடிப்பை அளக்க மார்பில் அணியும் பட்டை அவ்வளவீட்டைச் செம்மையாக்குமேயன்றி வியாப்தியைச் செம்மையாக்காது. மூச்சின் ஆக்சிசனையும் கரியமிலவாயுவையும் அளக்கும் முகமூடிச் சோதனைகூட ஆற்றலை நேரில் காண்பதன்று, பிறழ்ச்சி மிகக் குறைந்த மற்றோர் அனுமானமே.