சுழியைத் தொலைத்த கணக்கு

ராமானுஜனுக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களை அருளினாள் என்பதை நான் நம்புகிறேன். நாகமலை புதுக்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். நம்புவதால்தான் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. 1913 ஜனவரியில் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி ராமானுஜன் சொன்னது பிசகு. தாயார் தந்தது பிசகுமா?

விடை சரியாக இருந்தால் போதாதா, ஸ்டெப் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதும் இதே கேள்விதான். ஒரு கணக்கு கொடுத்தேன்: ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம், எண் எது? கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இருபுறமும் அந்த எண்ணை அடித்துவிட்டு ஐந்து என்றாள். ஐந்து சரிதான். ஆனால் சுழியும் விடை. அடித்த இடத்தில் அது தொலைந்துபோயிற்று, ஏனென்றால் அடிப்பது என்றால் வகுப்பது. அந்த எண் சுழியாக இருந்தால் வகுக்கவே கூடாது. அவள் அந்த வரியை எழுதியிருந்ததால்தான் தொலைந்த இடம் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. வெறும் ஐந்து என்று எழுதியிருந்தால் நானும் தாண்டிப் போயிருப்பேன்.

அருளும் இப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன். தாயார் ராமானுஜனுக்குக் காணும் கண்ணைக் கொடுத்தாள். கண்டதில் என்ன விட்டுப்போனது என்று வரி வரியாகப் பார்க்கும் வேலையை மனிதனிடம் விட்டுவிட்டாள். அப்படிப் பார்ப்பதும் எனக்கு வழிபாடுதான்.

சுழியால் வகுப்பதில் பிசகிய ஒரு பெரியவரை எனக்கு நினைவூட்டுவது, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள கீழக்குயில்குடி சமணர் மலை. அந்த மலையின் பேச்சிப்பள்ளத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அடியில், செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. அந்தச் சிற்பங்களின் காலத்தை ஒட்டி, 850 வாக்கில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் நாட்டில் மகாவீராச்சாரியார் என்ற சமணர் ‘கணித சார சங்கிரகம்’ எழுதினார். 1912இல் ரங்காச்சாரியார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார், சென்னையில் அச்சாயிற்று. எந்த எண்ணைச் சுழியால் வகுத்தாலும் அது மாறாது என்கிறார் மகாவீராச்சாரியார். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லி, இது தப்பு என்றேன்.

“அவ்வளவு பெரியவங்க சொன்னது எப்படி சார் தப்பாகும்?”

“நீயே திருப்பிப் பெருக்கிப் பாரும்மா.”

ஆறைச் சுழியால் வகுத்தால் ஆறு என்றால், அந்த ஆறைச் சுழியால் பெருக்கும்போது பழைய ஆறு திரும்ப வரவேண்டும். சுழிதான் வந்தது. நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

அவர் மேல் எனக்கு மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. இத்தனை பொருளில் இத்தனையை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்குப் பொதுவிதி எழுதி வைத்தவரும் அவர்தான். பதினொன்றாம் வகுப்பில் இந்தப் பெண் அதைப் படிக்கப்போகிறாள். அதையும் அவள் கையாலேயே நிறுவிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.